பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் ஏன் பேசவில்லை?

கேள்வி (வாசகர் ஒருவர்), ஜனவரி 6

என் அப்பாவழித் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “நிஜமாகச் சண்டையைப் பார்த்தவன் பேச மாட்டான், பேசுகிறவன் எல்லாம் முகாமில் சமையல் செய்தவன்” என்று அப்பா சொல்வார். இது சரிதானா? உங்கள் வீடுகளில் எப்படி?

ஜனவரி 6, இரவு

இதே பேச்சை நானும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்தச் சமையல்காரர் விஷயம். 1944 பிப்ரவரியில் பர்மாவின் அரக்கான் பகுதியில், சின்ஸ்வேயா என்ற இடத்தில், ஏழாவது இந்திய டிவிஷனின் நிர்வாக முகாமை ஜப்பானியர்கள் சுற்றி வளைத்தார்கள். உள்ளே மாட்டியவர்களில் குமாஸ்தா, சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், ஆஸ்பத்திரி ஆட்கள் நிறையப் பேர். இரண்டு வாரத்துக்கு மேல் அவர்களும்தான் துப்பாக்கி பிடித்து முகாமைக் காத்தார்கள். ஜப்பானியர்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து படுத்துக் கிடந்த நோயாளிகளையும் டாக்டர்களையும் கொன்றார்கள். பர்மாவில் பின்வரிசை என்று நிம்மதியாக ஒரு இடம் இருந்ததில்லை. சமையல்காரர் பேசினால் அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் (பாலம், சாலை போடும் ராணுவப் பிரிவு), பர்மா. சித்தப்பா 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மௌனம் இல்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நாளை.

ஜனவரி 7

எங்களுடையது வேலூர் பக்கம். கம்மவான்பேட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் இருக்கும் ஊர் என்று பத்திரிகையில் எழுதுவார்களே, அது. எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தெருவுக்கு ஒரு “மிலிட்டரிக்காரர் வீடு” உண்டு.

தாத்தா திரும்பி வந்தது 1946இல். பாட்டி சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் முதலில் எழுதுகிறேன். வந்து இறங்கியபோது ஆள் மஞ்சளாக இருந்தாராம். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். காமாலை என்று பயந்து, கொள்ளுப்பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி விடியற்காலையில் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தாத்தாவும் மறுபேச்சில்லாமல் குடித்திருக்கிறார். அது காமாலை இல்லை. மலேரியா வராமலிருக்க மெபாக்ரின் என்ற மாத்திரையைப் படையில் தினமும் கட்டாயமாகக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை தோலை மஞ்சளாக்கும். பர்மாவில் ஜப்பானியத் தோட்டாவைவிட மலேரியாவும் சீதபேதியும்தான் அதிகம் பேரைப் படுக்க வைத்தன.

தாத்தாவுக்குக் காரணம் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மாத்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அரைப்பதை நிறுத்தியிருப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஏன், எங்கே, எத்தனை நாள் என்று கேள்வி வரும். அதற்குக் கீழாநெல்லியைக் குடித்துவிடுவது சுலபம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 8

ஒருவர் கேட்டிருக்கிறார்: சுத்தமாக எதுவுமே சொன்னதில்லையா?

ஒரே ஒரு கதை சொல்வார். ஒரு கோவேறு கழுதை, அதன் மேல் ஏற்றியிருந்த சீக்கிய சுபேதாரின் போர்வையை ராத்திரியோடு ராத்திரியாகத் தின்றுவிட்ட கதை. சுபேதார் கழுதைக்கு அணிவகுப்புத் தண்டனை கொடுத்ததாக முடியும். நாங்கள் குழந்தைகள் எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்போம். அவரும் அதே இடத்தில் நிறுத்தி, அதே குரலில் சொல்வார்.

உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள். பேசாத பட்டாளத்துக்காரர்களிடம் இப்படி ஒரு வேடிக்கைக் கதை கட்டாயம் இருக்கும். பக்கத்து ஊரில் 1971 போருக்குப் போனவர் ஒருவர் உண்டு, அவருக்கு ரம் பாட்டில் கதை. இன்னொருவருக்கு ரயிலில் பெட்டி மாறிய கதை. கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று, மேலே கேட்க மாட்டார்கள். அந்தக் கதை ஒரு வேலி. அதற்கு வெளியே நின்று சிரித்துவிட்டு நாங்கள் விளையாடப் போய்விட்டோம்.

ஜனவரி 9

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு. அவர் பேசினார், நிறையப் பேசினார்.

பாட்டியின் அண்ணன். எங்களுக்கு “மலேயா தாத்தா”. சிறுவயதிலேயே மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார். சிங்கப்பூரில் சரணடைந்த சிப்பாய்கள் மட்டுமே ஐஎன்ஏ என்று பலர் நினைக்கிறார்கள். போஸ் வந்த பிறகு மலேயா, பர்மா தமிழர்கள், அதுவரை துப்பாக்கியைத் தொடாத தோட்டத் தொழிலாளர்கள், பெருவாரியாகச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களிலும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். மலேயா தாத்தாவையும் பர்மாவுக்குத்தான் அனுப்பினார்கள்.

அதாவது 1945இல் மச்சானும் மச்சானும் ஒரே நாட்டில், எதிரெதிர் அணியில். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏழாவது இந்திய டிவிஷன் நியாங்கு பக்கத்தில் ஐராவதியைக் கடந்தபோது எதிர்க்கரையைக் காத்து நின்றவர்களில் ஐஎன்ஏ ஆட்கள் இருந்தார்கள். எங்கள் இரண்டு தாத்தாக்களும் அந்த இடத்தில் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இருந்திருக்கக்கூடிய தூரம்தான்.

கல்யாண வீடுகளில் மலேயா தாத்தா நடுவில் உட்காருவார். நேதாஜி பேச்சை அப்படியே சொல்லிக் காட்டுவார், பாட்டுப் பாடுவார். தாத்தா தூணில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். உரித்ததைத் தின்ன மாட்டார், பக்கத்தில் இருக்கும் குழந்தை கையில் போடுவார். ஒருமுறை என் அத்தை பையன் எல்லார் முன்னாலும் கேட்டான்: “தாத்தா, நீங்க அப்போ வெள்ளைக்காரன் பக்கமா?” சபை அப்படியே நின்றுவிட்டது. தாத்தா, “நான் பாலம் கட்டுற பக்கம்டா” என்றார். சிரித்தார்கள். மலேயா தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. பையனை “போய் விளையாடு” என்று அதட்டினார்.

ஜனவரி 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, விட்டதையும் எழுதிவிடுகிறேன்.

1946ஐ யோசித்துப் பாருங்கள். முந்தைய நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐஎன்ஏ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கிவிட்டது. நாடு முழுக்க ஐஎன்ஏ வீரர்களுக்காக ஊர்வலம், நிதி வசூல். பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைக் கலகம். பட்டிதொட்டியெல்லாம் ஜெய் ஹிந்த். அந்தச் சமயத்தில் ஒருவர் பிரிட்டிஷ் அரசரின் படையில் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறார். எங்கே உட்கார்ந்து எதைச் சொல்வார்?

25 லட்சம் பேர் இருந்த படை அது. யாரும் கட்டாயப்படுத்திச் சேர்த்ததில்லை, ஆனால் பலரைச் சேர வைத்தது வயிறு. அந்தப் போரில் செத்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். நம் பள்ளிப் பாடத்தில் அவர்களுக்கு எத்தனை வரி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், தாத்தாவின் அதே மதராஸ் சாப்பர்ஸ்காரர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிக்னானோ அருகே, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர் விட்டார். வீரத்துக்கான பெரிய பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். சொந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

ஆகவே பயங்கரத்தைப் பார்த்ததால் வாயடைத்துப் போனார்கள் என்பது பாதிதான். சொன்னால் வைத்துக்கொள்ள ஊரில் இடம் இல்லை. மலேயா தாத்தாவின் கதைக்கு இடம் இருந்தது, அவர் பேசினார்.

ஜனவரி 11

“அப்படியானால் ஐஎன்ஏக்காரர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, உங்கள் தாத்தாவுக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்களா?” என்று கோபமாக ஒருவர். இல்லை ஐயா. சுதந்திரத்துக்குப் பிறகு ஐஎன்ஏ ஆட்களை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் தியாகி பென்ஷன் வந்ததே 1972இல்தான். அதுவரை மலேயா தாத்தா வேலூரில் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதிப் பிழைத்தார். என் தாத்தாவுக்கும் ராணுவப் பென்ஷன் இல்லை. 15 வருடச் சேவை இருந்தால்தான் சிப்பாய்க்குப் பென்ஷன். போருக்காகச் சேர்த்தவர்களைப் போர் முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கையில் கிடைத்தது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமும், கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டியும்.

இரண்டு பேரில் யாரையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

ஜனவரி 13

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அத்தையிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் சொன்னதைக் கேட்டபின் மேலே எழுதியதெல்லாம் வேறு மாதிரி தெரிகிறது.

தாத்தா பேசாதவர் இல்லையாம். மலேயா தாத்தா வந்து தங்கும் ராத்திரிகளில், எல்லாரும் படுத்த பிறகு, இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி, இரண்டு மணி வரை பேசுவார்களாம். பெண்பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்றால் பட்டாளத்து இந்துஸ்தானிக்கு மாறிவிடுவார்களாம். அத்தைக்கு அதில் புரிந்தது ஊர்ப் பெயர்கள் மட்டும். மெய்க்திலா, போப்பா. ஒருநாள் தாத்தா அழுத சத்தம் கேட்டு எழுந்து போனவரைப் பாட்டி கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்துவிட்டாராம். “அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும், நீ போகாதே.”

நாற்பது வருடமாக நான் “தாத்தா பேசவே மாட்டார்” என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எதிரணியில் நின்றவரிடம். அந்தச் சேற்றையும் அட்டைப்பூச்சியையும் பிணநாற்றத்தையும் விளக்க வேண்டாத ஒரே ஆள் அந்தக் குடும்பத்தில் அவர் மட்டும்தான். பகல் சபையில் ஒருவர் பாட, இன்னொருவர் கடலை உரித்ததும் இரண்டு பேருக்கும் இடையே இருந்த ஏற்பாடு என்றே இப்போது தோன்றுகிறது. தாத்தா தன் பக்கத்தைச் சபையில் சொன்னால் மச்சானின் கதை என்ன ஆகும்? “உங்களை நோக்கித்தான் நாங்கள் போனோம்” என்று ஆகிவிடும்.

ஜனவரி 15

ஊரிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிரைக் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில். 1914–19 என்று போட்டிருக்கும். இந்தியாவின் பல ஊர்களில் இதே வாசகத்தோடு கல் வைத்தார்கள். போனவர் எண்ணிக்கை, செத்தவர் எண்ணிக்கை, அவ்வளவுதான். திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17

சித்தப்பாவைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் உயிரோடு இருக்கிறார், கவனமாக எழுத வேண்டும்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதிப்படை போனது. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டுக் கிளம்பியது. படையில் 1,100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. அதற்கான காரணத்தையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார்: தமிழர்களைக் கொன்று வந்த படையை வரவேற்க முடியாது என்பது. இது அரசியல் வரலாறு. எங்கள் வீட்டில் அதன் அர்த்தம் வேறு. சித்தப்பா பஸ்ஸில் யூனிஃபார்மோடு ஏறுவதை நிறுத்தினார். ஊரில் ஒருவர் டீக்கடையில் வைத்தே, “தமிழனைச் சுட்டுட்டு வந்தியா” என்றார். அடுத்த வருடம் மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. ஒரே ராத்திரியில் காற்று மாறியது. அதே டீக்கடையில் அதே ஆள், “நீங்க அப்பவே முடிச்சிட்டு வந்திருக்கணும்” என்றார். சித்தப்பா இரண்டு தடவையும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகச் சோதனை போடும்போது அவரை முன்னால் நிறுத்துவார்களாம். வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டியது அவர். அதிகாரிக்கு இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டியதும் அவர். இந்த அளவுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார், அதுவும் பல வருடம் கழித்து.

ஜனவரி 18

யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். அவர் அனுமதியோடு ஒரு வரியை மட்டும் இங்கே போடுகிறேன். “உங்கட சித்தப்பா கதைக்காததை எங்கட அம்மா கதைப்பா, முப்பத்தைஞ்சு வருசமாக் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறா, கேக்கிறதுக்குத்தான் அங்கால ஆள் இல்லை.”

இதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எதுவும் எழுத முடியவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சின்ஸ்வேயா ஆஸ்பத்திரியில் ஜப்பானியர்கள் செய்ததை முதல் நாளே இங்கே எழுதினேன். இதையும் அதே கையால் எழுதத்தான் வேண்டும். சித்தப்பா அந்த இடத்தில் இல்லை, அவர் பிரிவு அப்போது வேறு பக்கம். ஆனால் போர்க்களத்து மௌனம் எல்லாம் காயப்பட்டவரின் மௌனம் என்று நாம் பேசத் தொடங்கினால், காயப்படுத்தியவர்களின் மௌனமும் அதற்குள் சுகமாக ஒளிந்துகொள்ளும். ஊர் கேட்காததால் பேசவில்லை என்று தாத்தாவுக்காக எழுதினேன். சித்தப்பா விஷயத்தில் அது மட்டும் போதாது. அவரிடம் கேட்பதற்கு உரிமையுள்ளவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

ஜனவரி 21

எப்படிக் கேட்பது என்று பலரும் கேட்கிறீர்கள். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

“எத்தனை பேரைச் சுட்டீங்க” என்று குழந்தைகளைக் கேட்க விடாதீர்கள். அதோடு கதவு மூடிவிடும். சோறு பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து. சித்தப்பா முதல் தடவை நீளமாகப் பேசியதே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான தளத்தில் இறங்கிய அன்று சாப்பிட்ட பூரியில் தொடங்கித்தான். அப்புறம் கூட இருந்தவர்களைக் கேளுங்கள், எந்த ஊர்க்காரர், இப்போது எங்கே என்று. பேச்சு நின்றால் நிற்கட்டும், இட்டு நிரப்பாதீர்கள். அழுதால் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். வீட்டில் நான்கு பேர் கூடியிருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

இறந்துபோனவர்களுக்கு: நம்பர்தான் சாவி. டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாவிட்டால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள், பெயரும் படை எண்ணும் வெட்டியிருக்கலாம். எங்கள் தாத்தாவின் எண்ணைத் தகரப் பெட்டியின் மூடியில்தான் கண்டுபிடித்தேன். விதைநெல் போட்டு வைத்திருந்தார்கள். தூசியைத் துடைத்ததும் வெள்ளைப் பெயின்டில் எண், அதன் கீழே அவர் பெயரின் ஆங்கில எழுத்துகள், ஒரு எழுத்து தலைகீழாக. மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் ரெக்கார்டு ஆபீஸ், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். போரில் இறந்து திரும்பாதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். பல பெயர்களுக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் வரை இருக்கும். எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று இருக்கும், நான்கைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். ரங்கூன் பக்கத்தில் தௌக்யான் நினைவுச் சின்னத்தில் மட்டும், புதைத்த இடம் எரித்த இடம் தெரியாதவர்கள் சுமார் 27,000 பேர். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000 பேருக்கு மேல். கேள்வி கேட்டவருக்கு: உங்கள் தாத்தா கூடச் சேர்ந்து போய்த் திரும்பாதவர்கள் அதில் இருப்பார்கள். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஜனவரி 28

சித்தப்பாவிடம் யாழ்ப்பாணத்து வாசகியின் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்தம்மா எந்தப் பக்கம், கொக்குவிலா கோண்டாவிலா?” என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். பேசுகிறாராம். நிபந்தனைகள் உண்டு: போனில் பதிவு செய்யக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம், கூட இருந்தவர்கள் பெயர் வரக் கூடாது, சித்தியும் பிள்ளைகளும் இல்லாத நாளாக இருக்க வேண்டும். நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன், யாழ்ப்பாணத்து அம்மாவின் கேள்விகளையும் கேட்பேன் என்று. கொஞ்ச நேரம் கழித்து, “கேளு, தெரிஞ்சதைச் சொல்றேன்” என்றார்.

அந்த அம்மா மகளிடம் சொல்லி ஏழு கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் கேள்வி, வீட்டு முற்றத்திலிருந்து கூட்டிக்கொண்டு போன தன் தம்பியை எந்த முகாமில் வைத்திருப்பார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவர்கள் இரண்டு பேரும் அனுமதித்தால் மட்டும் இங்கே எழுதுவேன்.